கால்க் அபே: எதையும் தூக்கிப் போடாத குடும்பமும் 80 லட்சம் பவுண்டு வரியும்

1981 மார்ச் மாதம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள டெர்பிஷயரில், டிக்னல் என்ற கிராமத்தை ஒட்டிய ஒரு பெரிய பூங்காவில் சார்லஸ் ஹார்ப்பர்-க்ரூ மோல் பிடிக்கப் பொறி வைத்துக்கொண்டிருந்தார். மோல் என்பது புல்வெளிக்கு அடியில் வளை தோண்டி, மண்ணை மேடு மேடாகத் தள்ளிவிடும் சிறு பிராணி. அந்த வேலையின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்குக் குழந்தைகள் இல்லை. சொத்து தம்பி ஹென்றிக்கு வந்தது, கூடவே ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டு மரண வரியும் (இறந்தவரின் சொத்துக்காக வாரிசு கட்ட வேண்டிய வரி) வந்தது. அதைக் கட்டாமல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வட்டி ஏறியது.

அந்தப் பூங்காவின் நடுவே, ஒரு பள்ளத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாதபடி நிற்கிற மாளிகைதான் கால்க் அபே. வரிக் கணக்குக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் உள்ளே போனவர்கள் கண்டது வழக்கமான பிரபு வீடு அல்ல. பல அறைகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இல்லை. கட்டில்மேல் மான் தலைகள் குவிந்து கிடந்தன. பதப்படுத்திய பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருந்தன. பொம்மைகள், ஆடுகுதிரை, பாடப் புத்தகங்கள், கிளிஞ்சல்கள், பாறைத் துண்டுகள், பழைய தொப்பிகள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. சுவர்த்தாள் உரிந்து தொங்கியது, கூரை ஒழுகியது.

இந்த வீட்டை என்ன செய்வது என்று நான்கைந்து ஆண்டுகள் நடந்த போராட்டமும், அதன் முடிவில் எடுக்கப்பட்ட ஒரு வினோதமான தீர்மானமும் பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ள எவரும் படிக்க வேண்டிய நிகழ்வு. அந்தத் தீர்மானம் சரி என்பதே என் கட்சி. ஆனால் வீட்டின் கதையை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டால் அது பாதிக் கதைதான். அதற்கான காரணமும் கீழே வரும்.

மடமாக இருந்த இடம்

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அகஸ்டீனியத் துறவிகளின் சிறு மடம் ஒன்று இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் துறவிகள் அருகிலுள்ள ரெப்டனுக்கு மாறிவிட்டார்கள். கால்க் அதன் கிளையாகத் தொடர்ந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்தபோது இதுவும் தனியார் கைக்குப் போனது. எலிசபெத் ராணி காலத்தில் மடத்தின் இடத்தில் முற்றம் வைத்த ஒரு வீடு எழுந்தது. அதன் சுவர்கள் சில இன்றைய மாளிகையின் வயிற்றுக்குள் இன்னும் இருக்கின்றன.

1622-ல் ஹென்றி ஹார்ப்பர் என்பவர் 5,350 பவுண்டு கொடுத்து இதை வாங்கினார். ஹார்ப்பர்கள் போரில் வென்று வந்த பழைய பிரபு வம்சம் அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் ஹார்ப்பர் சட்டத்தொழிலில் சம்பாதித்து, நல்ல திருமணத்தாலும் நிலம் சேர்த்து, குடும்பத்தை நிமிர்த்தியவர். அவருடைய கல்லறை பக்கத்து ஊரான ஸ்வார்க்ஸ்டன் தேவாலயத்தில் இருக்கிறது. 1626-ல் குடும்பத்துக்கு பேரோனெட் பட்டம் கிடைத்தது. மூத்த மகன் வழியாகத் தொடரும் பட்டம் அது. பெயருக்கு முன் 'சர்' போட்டுக்கொள்ளலாம், ஆனால் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் பின்னால் ஒரு பேரோனெட்டை உறுத்தப்போகிறது.

இன்று நாம் பார்க்கிற மாளிகை 1701-க்கும் 1704-க்கும் இடையில் நான்காம் பேரோனெட் சர் ஜான் ஹார்ப்பர் கட்டியது. கைக்குழந்தையாக இருந்தபோதே சொத்துக்கு வாரிசானவர். அவர் வளர்ந்து ஆளாவதற்குள் வாடகை வரவு சேர்ந்துகொண்டே வந்தது, அந்தப் பணம் கல்லாக மாறியது. பழைய வீட்டை இடிக்காமல் அதைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பழையதை அப்புறப்படுத்தாமல் மூடிவைக்கிற பழக்கம் இந்த வீட்டில் அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

மனிதரைக் கண்டால் ஒதுங்கியவர்கள்

18-ஆம் நூற்றாண்டில் குடும்பம் மற்ற பிரபு வீடுகளைப் போலத்தான் இருந்தது. 1734-ல் ஐந்தாம் பேரோனெட் சர் ஹென்றி, ரட்லண்டு கோமகனின் மகள் கேரலைன் மேனர்ஸை மணந்தார். அரச குடும்பத்துக்கு நெருக்கமான பெண். அதே ஆண்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் ஆனுக்கும் திருமணம் நடந்தது. அதில் தோழியாக நின்ற கேரலைனுக்கு அரச வீட்டிலிருந்து ஒரு கட்டில் பரிசாக வந்தது என்பது குடும்ப வழக்கு. அந்தக் கட்டிலைப் பிறகு பார்ப்போம். அடுத்த தலைமுறை, மழையிலும் குதிரை ஓட்டிப் பழகக் கூரையிட்ட கூடம் ஒன்றைக் கட்டியது.

திருப்பம் ஏழாம் பேரோனெட் சர் ஹென்றியோடு வருகிறது. 1763-ல் பிறந்தவர். மனிதர்களைச் சந்திப்பதே அவருக்குக் கஷ்டம். வேலைக்காரர்களுக்கு என்ன வேண்டுமென்று எழுதித்தான் சொல்வார் என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். 'ஒதுங்கிய பேரோனெட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1792-ல் அவர் நானெட் ஹாக்கின்ஸ் என்ற பெண்ணை மணந்தார். நானெட் ஒரு சீமாட்டிக்குப் பணிப்பெண்ணாக இருந்தவர். அந்தக் காலத்து டெர்பிஷயர் கனவான் சமூகம் இதை மன்னிக்கவில்லை. கூச்சத்தால் ஒதுங்கியவரை ஊரும் ஒதுக்கியது. இரண்டும் சேர்ந்து வீட்டின் கதவைச் சாத்திவிட்டன.

அவரை வெறும் விசித்திர மனிதராக எழுதிவிட்டுப் போவது நியாயம் அல்ல. இசையில் ஆழ்ந்த ரசனை உடையவர். தான் பங்கேற்ற டெர்பிஷயர் தன்னார்வக் குதிரைப்படைக்கு அணிவகுப்பு இசை வேண்டும் என்று, அப்போது லண்டனில் இருந்த புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனையே எழுதவைத்தார். 1790-களின் நடுவில் ஹைடன் இயற்றிய அந்த இரண்டு அணிவகுப்பு இசைகளும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. மாளிகைக்கு முன்புறத் தூண் மண்டபம் வந்ததும் இவர் காலத்தில்தான்.

1808-ல் அவர் குடும்பப் பெயரை 'க்ரூ' என்று மாற்றிக்கொண்டார். கொள்ளுப்பாட்டி வழியில் வந்த, வாரிசற்றுப்போன க்ரூ பிரபு பட்டத்தை மீட்டால் பிரபுக்கள் சபையில் உட்காரலாம் என்ற ஆசை. அது பலிக்கவில்லை. வீட்டுக்கு 'அபே' (பெரிய மடம்) என்ற பெயரும் அதே சமயத்தில் வைத்ததுதான், இங்கே அந்த அந்தஸ்துள்ள மடம் எப்போதும் இருந்ததில்லை. 1819-ல் வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தார்.

மகன் சர் ஜார்ஜ் அப்பாவுக்கு நேர்மாறு. பக்திமான், கடமை உணர்வு மிக்கவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் சில ஆண்டுகள் இருந்தார். பூங்காவுக்குள் இருக்கும் சிறு தேவாலயத்தைப் புதுப்பித்தவர் அவரே. அவருக்குப் பின் வந்த சர் ஜான் ஹார்ப்பர் க்ரூ அரசியலை விட்டுக் கால்நடை வளர்ப்புக்கும் சேகரிப்புக்கும் திரும்பினார். நீண்ட கொம்புள்ள மாடுகளில் பரிசு வாங்கியவற்றின் தலைகளைப் பாடம் செய்து நுழைவுக் கூடத்தில் மாட்டினார், அவை இன்றும் அங்கேதான் தொங்குகின்றன. அவர் வளர்த்த போர்ட்லண்டு இனச் செம்மறிகளை இப்போதும் பூங்காவில் பார்க்கலாம்.

சர் வான்சி

கால்க் என்றதும் எல்லாரும் பேசுவது சர் வான்சி ஹார்ப்பர் க்ரூவைப் பற்றித்தான். 1846-ல் பிறந்து, 1886-ல் பட்டத்துக்கு வந்து, 1924-ல் இறந்தார். பத்தாவது பேரோனெட், கடைசி பேரோனெட்டும் அவரே.

பறவை, முட்டை, பட்டாம்பூச்சி என்று சேகரிப்பதே அவருடைய வாழ்க்கை. அபூர்வமான ஒரு மாதிரி ஏலத்துக்கு வருகிறது என்றால் விலை பார்க்கமாட்டார். கண்ணாடிப் பெட்டிகள் வரவேற்பறையை நிறைத்தன, தாழ்வாரங்களுக்கு வந்தன, படுக்கையறைகளையும் பிடித்துக்கொண்டன. ஒரு அறை நிறைந்தால் அதைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். விக்டோரியா காலத்தில் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பு நாடு முழுக்கப் பரவியிருந்த மோகம். ஆனால் வீட்டையே அதற்கு விட்டுக்கொடுத்தவர்கள் குறைவு.

மனிதர்களோடு பேசுவது அவருக்கும் பிடிக்காது. வீட்டில் மகள்களுக்குச் சொல்ல வேண்டியதைக்கூட எழுதி வேலைக்காரர் கையில் கொடுத்தனுப்புவார். மனைவி விருந்தினரை அழைத்தால் காட்டுப்பக்கம் போய்விடுவார். அவருக்கு உண்மையில் நெருக்கமாக இருந்தவர் தலைமை வேட்டைக் காவலர் அகத்தோஸ் பெக். இருவரும் நாள் முழுக்கப் பூங்காவில் சுற்றுவார்கள். தீப்பிடிக்கும் பயத்தில் வீட்டில் புகைபிடிக்கத் தடை. ஒரு மகள் அந்தத் தடையை மீறி மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டே போக நேர்ந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எஸ்டேட்டுக்குள் மோட்டார் கார் வரக்கூடாது. காரில் வருகிற விருந்தாளி வாசலிலேயே இறங்கி, வீட்டிலிருந்து வரும் குதிரை வண்டியில் ஏறி உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் கதையாகச் சொல்லச் சுவையாக இருக்கும். அந்த மகள்களின் நிலையிலிருந்து பார்த்தால் சுவை போய்விடுகிறது. வெளியுலகத்தோடு அதிகத் தொடர்பில்லாமல், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற அப்பாவிடமிருந்து சீட்டு வாங்கிப் படித்து வளர்ந்த பெண்கள் அவர்கள். கால்க் பற்றி எழுதுகிறவர்கள் சர் வான்சியைச் செல்லமாகவே வர்ணிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அதே சமயம், அவருடைய பிடிவாதத்தால் விளைந்த ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். பூங்காவை அவர் பறவைகளின் சரணாலயமாகவே நடத்தினார். மரங்களை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலை அதிகம் நடக்கவில்லை. அதனால் பல நூற்றாண்டு வயதான ஓக் மரங்கள் தப்பின. அவற்றில் ஒன்று ஆயிரம் ஆண்டைக் கடந்தது என்று மதிக்கப்படுகிறது. உளுத்த பழைய மரத்தில் மட்டுமே வாழக்கூடிய வண்டினங்கள் பல இங்கே இருப்பதால் பூங்கா இன்று தேசிய இயற்கைக் காப்பகம்.

1921-ல் ஒரே மகன் ரிச்சர்டு இறந்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து சர் வான்சியும் போனபோது பேரோனெட் பட்டம் அத்தோடு முடிந்தது. சொத்து மகள் ஹில்டா மோஸ்லிக்கு வந்தது. மரண வரி கட்ட வேண்டியிருந்ததால் பறவைகள், முட்டைகள், பட்டாம்பூச்சிகள் பலவற்றை அவர் விற்றார். 1981-ல் கண்டு மலைத்தவர்கள் பார்த்தது, விற்றதுபோக மிஞ்சியதைத்தான்.

பணம் வந்த வழி

இந்தக் குடும்பம் இப்படி ஒதுங்கி வாழ முடிந்ததென்றால் யாரோ உழைத்து வாடகை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உச்சத்தில் ஹார்ப்பர் க்ரூ குடும்பத்துக்கு டெர்பிஷயர், ஸ்டாஃபோர்டுஷயர், லெஸ்டர்ஷயர் பகுதிகளில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் இருந்தது. குத்தகை விவசாயிகளின் வாடகைதான் அடித்தளம்.

அதோடு டிக்னல் சுண்ணாம்பு. கிராமத்தை ஒட்டிய சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கல் உடைத்து, சூளையில் சுட்டு, வயலுக்கும் கட்டட வேலைக்கும் அனுப்பினார்கள். 1802-ல் இதற்காகவே ஒரு டிராம்பாதை திறக்கப்பட்டது. பெஞ்சமின் அவுட்ரம் என்ற பொறியாளர் அமைத்தது. இரும்புத் தடத்தில் குதிரைகள் இழுக்கும் வண்டிகள், ஆஷ்பி கால்வாய் வரைக்கும் சரக்கு கொண்டுபோகும். 1913 வரை ஓடியது.

அந்தப் பாதை மாளிகைக்குப் போகும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அங்கே அதை மண்ணுக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். மேலே பிரபுவின் வண்டி போகும், கீழே சுண்ணாம்பு வண்டி போகும். தோட்டத்துக்கும், பீர் காய்ச்சும் கட்டடத்துக்கும் மாளிகையிலிருந்து நிலத்தடி வழிகள் உண்டு. வேலை செய்கிறவர்கள் கண்ணில் படாமல் வேலை நடக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பெரிய வீடுகளின் பொது விதி. மனிதரைப் பார்க்கவே விரும்பாத குடும்பத்தில் அது இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். டிக்னலுக்குப் போகிறவர்கள் முதலில் சுண்ணாம்புக் குவாரியையும் டிராம் சுரங்கத்தையும் நடந்து பார்த்துவிட்டு அப்புறம் மாளிகைக்குள் நுழைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மாளிகைக்குள் தொங்குகிற மான் தலைக்கும் அந்தக் குவாரிப் பள்ளத்துக்கும் உள்ள கணக்கு அப்போதுதான் புரியும்.

அறை அறையாகச் சாத்தியது

ஹில்டா 1949-ல் இறந்தார். அவருக்குப் பின் சகோதரியின் மகன் சார்லஸ் ஜென்னி வந்தார். 1961-ல் பெயரை ஹார்ப்பர்-க்ரூ என்று மாற்றிக்கொண்டார். 1962-ல்தான் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அதற்கு முன் விளக்கும் மெழுகுவத்தியும்தான். பழைய பெரிய சமையலறை 1920-களோடு கைவிடப்பட்டது. சார்லஸும் தம்பி தங்கையும் ஒரு மூலையில் சில அறைகளில் வாழ்ந்தார்கள், மற்றவை அப்படியே கிடந்தன.

ஏன் எதையுமே தூக்கிப் போடவில்லை? இயல்பிலேயே சேர்த்துவைக்கிற குடும்பம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், அது மட்டும் போதாது. இடம் ஏராளமாக இருந்ததால் ஒரு அறையைக் காலி செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. விருந்தினர் வரவு குறைவு என்பதால் புதுப் பாணிக்கு மாற்றி அலங்கரிக்க வேண்டிய தேவை எழவில்லை. வேலையாட்கள் குறைந்துகொண்டே போனதால் ஒழிக்க ஆளும் இல்லை. நில வருமானம் இருந்தவரை சாமான்களை விற்கும் நெருக்கடியும் அடிக்கடி வரவில்லை. இதில் ஏதாவது ஒன்று மாறியிருந்தாலும் கால்க் மற்ற வீடுகளைப் போல ஆகியிருக்கும்.

மற்ற வீடுகளுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1894-ல் மரண வரி வந்தது, முதல் உலகப்போருக்குப் பின் வரி விகிதம் ஏறியது, வாரிசுகள் போரில் செத்தார்கள், விவசாய வருமானம் விழுந்தது. 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1950-களில் இந்த இடிப்பு உச்சத்துக்குப் போனது. 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்த வீடுகளின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்திய பிறகுதான் பொதுமக்களுக்கு இழப்பின் அளவு உறைத்தது.

1981 முதல் 1985 வரை

ஹென்றி ஹார்ப்பர்-க்ரூ எடுத்த நிலைப்பாடு மெச்சத்தக்கது. சாமான்களை ஏலம் விட்டு, நிலத்தைத் துண்டு போட்டு வரியைக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வரிக்கு ஈடாக வீட்டையும் சாமான்களையும் பூங்காவையும் நாட்டுக்கே கொடுக்க முன்வந்தார். 1910 முதலே பிரிட்டனில் வரிக்குப் பதில் சொத்தை அரசு ஏற்றுக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அரசு வீட்டை வாங்கிக்கொண்டாலும் நடத்தப்போவது நேஷனல் டிரஸ்ட். அது பாரம்பரிய இடங்களைக் காக்க 1895-ல் தொடங்கிய அறக்கட்டளை, அரசுத் துறை அல்ல. பராமரிப்புக்கு நிரந்தர முதலீடு இல்லாமல் எந்த வீட்டையும் அது ஏற்பதில்லை. ஒழுகும் கூரையோடு ஒரு மாளிகையை வாங்கிக்கொண்டு, வருமானம் இல்லாமல் தவித்தால் அமைப்பே மூழ்கிவிடும் என்பது அதன் அனுபவம். அந்த முதலீட்டுக்காகக் கூடுதல் நிலம் தரக் குடும்பம் தயார். ஆனால் தனிச்சிறப்பு இல்லாத விவசாய நிலத்தை வரிக்கு ஈடாக எடுத்து டிரஸ்டுக்கு வருமானமாகக் கொடுப்பதற்கு நிதித்துறை இசையவில்லை. வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு தோல்வி எல்லார் மனதிலும் இருந்தது. மென்ட்மோர் மாளிகையை அதன் கலைப்பொருட்களோடு 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளும்படி ரோஸ்பரி பிரபுவின் குடும்பம் அரசிடம் கேட்டது. அரசு மறுத்தது. 1977-ல் ஏலம் விட்டார்கள், 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, பொருட்கள் உலகெங்கும் சிதறின. இத்தனைக்கும் போரில் இறந்தவர்களின் நினைவாக 1946-ல் அன்றைய நிதியமைச்சர் ஹியூ டால்டன் இதுபோன்ற தேவைக்கென்றே 5 கோடி பவுண்டு ஒதுக்கி தேசிய நில நிதியை உருவாக்கியிருந்தார். 1957-ல் அதில் பெரும்பகுதியை நிதித்துறை திரும்ப எடுத்துக்கொண்டது. மென்ட்மோர் அவமானத்துக்குப் பிறகு 1980-ல் தேசியப் பாரம்பரிய நினைவு நிதி என்ற சுதந்திரமான அமைப்பு பிறந்தது. கால்க் அதற்குக் கிடைத்த பெரிய ஆரம்பச் சோதனைகளில் ஒன்று.

கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்களும் பத்திரிகைகளும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1984 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன் கால்குக்காகவே அந்த நிதிக்கு 45 லட்சம் பவுண்டு ஒதுக்கினார். நாட்டின் பட்ஜெட் உரையில் ஒரு தனி வீட்டின் பெயர் வருவது அரிது. 1985-ல் வீடு நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. ஹென்றிக்கு மாளிகையிலேயே ஒரு குடியிருப்பு ஒதுக்கினார்கள். ஸ்டாஃபோர்டுஷயர் மேட்டுநிலத்தில் குடும்பத்துக்கிருந்த வார்ஸ்லோ எஸ்டேட்டும் வரிக்கணக்கில் பொதுச் சொத்தாகி, இன்று பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் இருக்கிறது.

மரண வரிதான் பிரபு வீடுகளை அழித்தது என்று இங்கிலாந்தில் ஒரு பல்லவி உண்டு. அதில் உண்மை உண்டு, கால்கில் நடந்தது வேறு. வரி வராமல் இருந்திருந்தால் கூரை இன்னும் இருபது ஆண்டு ஒழுகியிருக்கும், உள்ளே இருப்பது வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. தனியார் கையில் இருந்தபோது யாரும் தீங்கு நினைக்கவில்லை, ஆனால் வீடு செத்துக்கொண்டுதான் இருந்தது.

பழுது பார்ப்போம், புதுப்பிக்க மாட்டோம்

வீடு கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி. வழக்கமான வழி, ஏதோ ஒரு பொற்காலத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு வீட்டைத் திருப்புவது. 1704-க்கா? தூண் மண்டபம் வந்த 1808-க்கா? எந்தக் காலத்தைத் தேர்ந்தாலும் மற்றக் காலங்களை அழிக்க வேண்டும். டிரஸ்ட் எந்தக் காலத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்த நிலையிலேயே வீட்டை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்தது. சிதைவைத் தடுப்போம், சிதைந்ததைப் புதிதாக்க மாட்டோம் என்பது கொள்கை.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது பெரும்பாடு. ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, எந்தப் பொருள் எங்கே எப்படிக் கிடந்தது என்று பதிவு செய்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். கூரை, சுவர், உளுத்த மரம் எல்லாவற்றையும் சரி செய்தார்கள். பிறகு பொருட்களைப் பழைய இடத்திலேயே, பழைய குவியலாகவே திரும்ப வைத்தார்கள். உரிந்த சுவர்த்தாளை அகற்றாமல், மேலும் உரியாதபடி ஒட்டினார்கள். புதிதாக வண்ணம் பூசுவதைவிட இது செலவு அதிகமான வேலை. 1989-ல் பார்வையாளருக்குத் திறந்தார்கள்.

சாமான்களுக்கு நடுவேதான் அந்தக் கட்டிலும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. அதன் திரைகள் சீனப் பட்டு. டிராகன், மாளிகை, பறவை, போர்வீரர் எல்லாம் பொன்னிழையிலும் வண்ண இழையிலும் பூத்தையல். சில இடங்களில் மயிற்பீலியை முறுக்கித் தைத்திருக்கிறார்கள். பெட்டியைவிட்டு அதிகம் வெளியே எடுக்கப்படாமல் இரண்டரை நூற்றாண்டு கிடந்ததால் வெளிச்சம் படவில்லை. அதே வயதுள்ள மற்றக் கட்டில்களின் பட்டு வெளுத்துக் கிழிந்துபோனது, இதன் நிறம் நேற்று நெய்தது போல இருந்தது. இப்போது மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கிடைத்த நிலையில் விடுவது என்ற கொள்கைக்கு இது விதிவிலக்கு. கொள்கைப்படி பெட்டியிலேயே விட்டிருக்க வேண்டும். மக்கள் பார்க்கட்டும் என்று கட்டிலைப் பொருத்தி நிறுத்தினார்கள், அது சரியான விதிவிலக்கு என்றே நினைக்கிறேன்.

இந்தக் கொள்கையை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் சாரம் உண்டு. சிதைவு நகரும்போதுதான் அது சிதைவு. அதை நிறுத்திவைத்தால் அதுவும் ஒரு காட்சி அமைப்பே. 1985-ல் தற்செயலாக இருந்த நிலைக்கு ஏன் அத்தனை மதிப்பு என்று கேட்கலாம். என் பதில் இது. பளிச்சென்று மீட்டெடுத்த பிரபு மாளிகைகள் இங்கிலாந்தில் வேண்டிய அளவு இருக்கின்றன. 1880 முதல் 1980 வரை அந்த வர்க்கம் எப்படிச் சுருங்கியது என்பதை அவற்றில் எதுவும் காட்டுவதில்லை. கைவிட்ட சமையலறை, ஆளில்லாத பாடசாலை அறை, கட்டில்மேல் குவிந்த மான் தலை ஆகியவை அந்தச் சரிவின் நேரடிச் சான்றுகள். தங்க முலாம் பூசியிருந்தால் அந்தச் சான்று அழிந்திருக்கும்.

குறை ஒன்று இருக்கிறது. எதையும் எறியாத குடும்பம் என்பதால் குடும்பத்தின் பொருட்கள் எல்லாம் மிஞ்சின. வேலைக்காரர்களின் பொருட்கள் அந்த அளவில் மிஞ்சவில்லை. அவர்கள் வேலையை விட்டபோது தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குவாரித் தொழிலாளியின் உளி எந்த அறையிலும் கண்ணாடிப் பெட்டியில் இல்லை. கிடைத்ததை அப்படியே காட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், கிடைக்காதவர்கள் காட்சியில் இடம்பெறுவதில்லை. அதை ஈடுகட்ட எஸ்டேட் கணக்குப் புத்தகங்களும் குத்தகைப் பதிவுகளும் இருக்கின்றன. கால்க் குடும்பத்தின் ஆவணங்கள் டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்தில் பெருமளவு சேர்ந்திருக்கின்றன. சர் வான்சியின் பறவைகளுக்குக் கொடுத்த பொறுமையில் பாதியை அந்த வாடகைக் கணக்குகளுக்கும் கொடுத்து, யார் எவ்வளவு கட்டினார்கள், எந்த ஆண்டு கட்ட முடியாமல் போனது என்பதை மாளிகையின் சுவரிலேயே எழுதிக் காட்ட வேண்டும். பொதுப் பணத்தில் காப்பாற்றிய வீட்டில் அதற்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை.